முல்லைத்தீவிலிருந்து மருத்துவபீடம்: மகளின் வாய்ப்பை எப்படிக் கணிப்பது?

கேள்வி: ஒட்டுசுட்டான் பகுதியிலிருந்து எழுதுகிறேன். என் மகள் உயர்தரப் பரீட்சையை உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் முதல் தடவை எழுதி, உயிரியலில் பி, இரசாயனவியலில் சி, பௌதிகவியலில் எஸ் பெற்றிருக்கிறாள். இசட் புள்ளி 0.5124, மாவட்ட நிலை 31. அவளுக்கு மருத்துவபீடம் கிடைக்க எத்தனை வீதம் வாய்ப்பு இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் உள்ள என் அண்ணர், பிள்ளையைத் தன் வீட்டில் விட்டு அங்குள்ள பாடசாலையில் சேர்த்து இரண்டாம் தடவை எழுத வைக்கச் சொல்கிறார். பின்தங்கிய மாவட்டத்தில் இருந்து கோட்டாவில் போவது ஒரு பெருமையா என்றும் கேட்கிறார். இன்னொரு பக்கம், வயலை ஈடு வைத்தால் வெளிநாட்டில் மருத்துவம் படிக்க இடம் எடுத்துத் தருவதாக ஒரு முகவர் வந்து போகிறார். இந்தமுறை வேறு ஏதாவது கற்கைநெறி கிடைத்தால் போய்விடவோ என்று மகளும் குழம்பிப் போயிருக்கிறாள். நாங்கள் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்கள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன ஒருவரும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் உங்களுக்கு உடனே தேவையான பதில்களைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெறுபேற்றை வைத்து இம்முறை மருத்துவபீடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாம் தடவையில் அதை எட்டுவது கடினமானது என்றாலும் நடக்கக்கூடியது. அதற்கான வழி பெரும்பாலும் பௌதிகவியலில் இருக்கிறது. பிள்ளையை மாவட்டம் மாற்ற வேண்டாம். வயலை ஈடு வைக்க வேண்டாம். இம்முறை பல்கலைக்கழக அனுமதிக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை நீங்களும் மகளும் உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே கீழே விரிவாக எழுதுகிறேன்.

எத்தனை வீதம் வாய்ப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஓர் எண்ணை யாராவது உங்களுக்குச் சொன்னால், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாய்ப்பைக் கணிக்கவே முடியாது என்றும் இல்லை. உங்கள் மகள் யாரோடு போட்டியிடுகிறாள், எத்தனை இடங்களுக்காகப் போட்டியிடுகிறாள், அவளுடைய புள்ளிகள் எந்தப் பாடத்தில் சிந்திப் போகின்றன என்பவை தெரிந்தால், எந்த முகவரையும் விட நீங்களே நன்றாகக் கணித்துவிடலாம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விஞ்ஞானக் கற்கைநெறிகளுக்கான இடங்களை மூன்றாகப் பிரிக்கிறது. 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை ஒவ்வொரு மாவட்டத்தின் சனத்தொகை விகிதத்திலும், எஞ்சிய 5 வீதமானவை கல்வியில் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் ஆகிய நான்கும் அந்த 16க்குள் வருகின்றன. நாம் எல்லோரும் வன்னி என்று ஒன்றாகச் சொன்னாலும், அனுமதிக்கான கணக்கில் வன்னி என்று ஒரு மாவட்டம் கிடையாது. நான்கு நிர்வாக மாவட்டங்களுக்கும் தனித்தனிப் பங்கு, தனித்தனி வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதி பெறும் கடைசிப் பிள்ளையின் இசட் புள்ளி. ஆகவே வவுனியாவில் ஒரு பிள்ளை இந்தப் புள்ளியோடு போனது என்று கேள்விப்படுவது உங்கள் மகளுக்கு எதையும் சொல்லாது.

இந்தப் பங்கு எவ்வளவு சிறியது என்பதை ஒரு கணக்கில் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 92,000. நாட்டின் சனத்தொகை 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல். அதாவது 100க்கு அரைப் பங்கிலும் சற்றுக் குறைவு. மருத்துவத்துக்கு நாடு முழுவதும் 2,000 இடங்கள் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், மாவட்டப் பங்கான 1,100 இடங்களில் முல்லைத்தீவுக்கு ஐந்து அளவில் வரும். பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய 100 இடங்களில் இருந்து ஒன்று கூடலாம். மிகத் திறமையாகச் செய்து அகில இலங்கைத் திறமை அடிப்படையில் தெரிவாகும் முல்லைத்தீவுப் பிள்ளைகள் இந்த ஐந்தாறு இடங்களில் எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைத்திருங்கள்.

இந்தச் சிறிய எண்ணிக்கைக்கு ஒரு விளைவு உண்டு. பெரிய மாவட்டம் ஒன்றில் நூறு அளவிலான இடங்களின் கடைசி ஆளுடைய புள்ளிதான் வெட்டுப்புள்ளி என்பதால், அது ஆண்டுக்கு ஆண்டு அதிகம் அசைவதில்லை. ஐந்தாறு இடங்களே உள்ள மாவட்டத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரு வருடம் மிக நன்றாக எழுதிவிட்டால் வெட்டுப்புள்ளி ஏறிவிடும். மறுவருடம் இறங்கியும் விடும். எனவே மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலிலும் இணையத்தளத்திலும் முன்னைய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளி அட்டவணைகளை எடுத்து, முல்லைத்தீவுக்குரிய நிரலை மட்டும் நாலைந்து வருடங்களுக்கு ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். அதில் மிகக் கூடிய எண்ணை இலக்காக வையுங்கள். மிகக் குறைந்த எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்.

மாவட்ட நிலை 31 என்பது உங்கள் மனதை உறுத்துகிறது என்று தெரிகிறது. ஐந்தாறு இடங்களுக்கு முன்னால் அது தூரமான எண்தான். ஆனாலும் இன்று அவளுக்கு மேலே நிற்கும் 30 பேரும் அடுத்த பரீட்சையிலும் மேலே நிற்கப் போவதில்லை. அவர்களில் கணிசமானோர் மருத்துவத்துக்கோ வேறு கற்கைநெறிகளுக்கோ பதிவு செய்துகொண்டு களத்தை விட்டுப் போய்விடுவார்கள். மூன்று தடவைக்கு மேல் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதால் சிலருக்கு இதுவே கடைசியாக இருக்கும். அடுத்த முறை அவளோடு போட்டியிடுவோர், மீண்டும் எழுதும் சிலரும் புதிதாக எழுதும் தொகுதியினரும்தான். எனவே நிலையைப் பார்த்துச் சோர்வதைவிட, புள்ளியை எவ்வளவு உயர்த்தலாம் என்று பார்ப்பதே பயன் தரும்.

உங்கள் அண்ணர் சொன்ன பெருமை விடயத்தை நான் தட்டிக் கழிக்க விரும்பவில்லை, ஏனெனில் இது பிள்ளையின் மனதில் தங்கிவிடும். 1970களின் தொடக்கத்தில் வந்த, மொழிமூலத்தைப் பார்த்துப் பரீட்சைப் புள்ளிகளைச் சரிக்கட்டிய தரப்படுத்தல் தமிழ் மாணவர்களுக்குப் பெரும் அநீதியாக அமைந்ததையும், 1974இல் மாவட்டப் பங்கீடு அதன் தொடர்ச்சியாக வந்ததையும் யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை மறக்கவில்லை. அந்தக் காயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே பங்கீட்டினால்தான் வன்னியில் பல குடும்பங்களின் முதற் பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதித்தது என்பதும் உண்மை. பௌதிகவியல் ஆசிரியர் இல்லாமல் தவணைகள் கழிந்த பாடசாலையில், ஆய்வுகூடத்தைப் பூட்டியே பார்த்த பிள்ளையையும், எல்லா வசதியும் உள்ள நகரப் பாடசாலைப் பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்வதில் நீதி இல்லை. அண்ணருக்கு இன்னொன்றையும் சொல்லலாம்: கல்வியில் பின்தங்கியவை என்று வகுக்கப்பட்ட அந்த 16 மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. பீடத்துக்குள் போன பிறகு எல்லோரும் ஒரே பரீட்சையைத்தான் எழுதுகிறார்கள். பட்டத்தில் எந்த மாவட்டம் என்று எழுதப்படுவதில்லை. மகள் தனக்கு உரிய இடத்துக்குத்தான் போட்டியிடுகிறாள்; அவள் எவரிடமும் இரந்து நிற்கவில்லை.

இனி இடம் மாறுவது பற்றி. ஒரு மாணவரின் மாவட்டம் எது என்பதைப் பிறந்த ஊரோ அடையாள அட்டை முகவரியோ தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முன்னைய மூன்று ஆண்டு காலத்தில் எந்தப் பாடசாலைகளில் படித்தார் என்பதைக் கொண்டே அது தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே யாழ்ப்பாணப் பாடசாலை ஒன்றில் புதிதாகச் சேர்ப்பது, வகுப்பறையை மாற்றுவது போன்ற சிறிய காரியம் அன்று. அவளுடைய மாவட்டம் பற்றிய கேள்வியையே அது கிளப்பிவிடக்கூடும். கைந்நூலில் இதற்குரிய பிரிவை அதிபரோடு இருந்து வரிவரியாக வாசிக்காமல் எந்த விடுகைப் பத்திரத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். தனியார் வகுப்புக்காக மட்டும் போய் வருவது வேறு விடயம், அதனால் மாவட்டம் மாறாது. ஆனாலும் மூன்று பாடத்துக்கும் யாழ்ப்பாணம் போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளம் வந்து ஏ9 வீதியில் பஸ் ஏறி, வார இறுதி இரண்டு நாளும் பயணத்திலும் வகுப்பிலும் கழிந்தால், கேட்டதைத் தானாகச் செய்து பார்க்கும் நேரம் பறிபோகிறது. உயிரியலில் பி எடுத்த பிள்ளைக்கு உயிரியல் வகுப்பு தேவையில்லை. அவளுக்குத் தேவை நேரம்.

இசட் புள்ளி என்றால் என்ன என்பதை மகளே உங்களுக்கு விளங்கப்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். 2001 பரீட்சையில் இருந்து, மூன்று பாடங்களின் புள்ளிகளை அப்படியே கூட்டும் பழைய முறைக்குப் பதிலாக இது பயன்படுகிறது. ஒரு பாடத்தில் அவள் எடுத்த புள்ளியில் இருந்து, அந்தப் பாடத்தை எழுதிய அனைவரின் சராசரியைக் கழித்து, அதை நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியில் இருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் எண்ணால், பிரிக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் இப்படி வரும் எண்களின் சராசரிதான் பெறுபேற்றுத் தாளில் உள்ள இசட் புள்ளி. ஒரு பாடத்தில் சராசரி 40, நியம விலகல் 15 என்று வைத்துக்கொண்டால், 40 எடுத்தவருக்கு பூச்சியம், 55 எடுத்தவருக்கு 1, 70 எடுத்தவருக்கு 2.

இந்தக் கணக்கில் இருந்து அவளுடைய வேலைத்திட்டம் பிறக்கிறது. மூன்று பாடங்களிலும் நியம விலகல் 15 அளவில் இருக்கிறது என்று எடுத்தால், எந்தப் பாடத்திலாவது ஒரு புள்ளி கூடும்போது மொத்த இசட் புள்ளி 0.022 அளவில் கூடுகிறது. அவளுடைய 0.5124ஐ 1.3 ஆக்க வேண்டும் என்று உதாரணத்துக்கு வைப்போம் (இது வெட்டுப்புள்ளி அன்று, கணக்குக்காக எடுத்த இலக்கு மட்டுமே). அதற்கு மூன்று பாடங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 35 புள்ளிகள் வேண்டும். 35 என்று கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் பௌதிகவியலில் 18, இரசாயனவியலில் 10, உயிரியலில் 7 என்று பிரித்து வைத்தால் அது எழுதிக் கொடுக்கக்கூடிய வேலையாகிவிடுகிறது. பௌதிகவியலுக்கு ஏன் பெரிய பங்கு என்றால், ஏற்கெனவே நன்றாகச் செய்யும் பாடத்தில் அடுத்த ஏழு புள்ளிகளை எடுப்பதைவிட, எஸ் எடுத்த பாடத்தில் 18 புள்ளிகளை எடுப்பது பெரும்பாலும் இலகுவானது. அங்கே இன்னும் தொடப்படாத அலகுகளே கிடக்கும். எங்கள் பிள்ளைகள் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். பிடித்த பாடமான உயிரியலை மூன்றாம் தடவையும் வாசித்துவிட்டு, பௌதிகவியலை நாளைக்கு என்று தள்ளிப் போடுகிறார்கள். ஒரு வரம்பு உடைந்து கிடக்கும் வயலில் மற்ற மூன்று வரம்புகளையும் உயர்த்திக் கட்டினால் தண்ணீர் நிற்காது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பௌதிகவியலில் எஸ் என்பது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்காமல் எந்த வகுப்புக்கும் காசு கட்டாதீர்கள். உயிரியல் பிரிவுப் பிள்ளைகளில் மிகப் பலருக்கு உண்மையான சிக்கல் கணிதத்தில் இருக்கிறது. சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டுவிட்டதால், திரிகோண விகிதங்கள், மடக்கை, வரைபின் படித்திறன், சமன்பாட்டை மாற்றி எழுதுதல் என்பவற்றில் கை தடுமாறுகிறது. பரீட்சையில் கணிப்பானுக்கு அனுமதி இல்லை என்பதால் பெருக்கல், வகுத்தல்கூடப் புள்ளியைத் தின்றுவிடும். முதல் மாதம் முழுவதையும் இதற்கே கொடுக்கச் சொல்லுங்கள். இதற்கு யாழ்ப்பாணம் போக வேண்டியதில்லை. உங்கள் ஊரில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்த ஒரு பிள்ளை மாலையில் ஒரு மணித்தியாலம் இருந்து சொல்லிக் கொடுத்தால் போதும்.

அடுத்ததாகச் செய்முறை. பௌதிகவியல் இரண்டாம் பத்திரத்தின் அமைப்புக் கட்டுரை வினாக்களில் கணிசமான பங்கு ஆய்வுகூடப் பரிசோதனைகளைச் சுற்றியே அமைகிறது. வேணியர் இடுக்கியைக் கையில் பிடிக்காத பிள்ளை, அதில் என்ன வழு வரும் என்று கேட்டால் மனப்பாடம் செய்ததைத்தான் எழுதும், வினா சற்று மாறினால் தடுமாறும். இரண்டாம் தடவை எழுதுவோருக்கு ஆய்வுகூடம் திறந்துவிடத் தயங்கும் பாடசாலைகள் உண்டு. நீங்கள் நேரில் போய் அதிபரிடமும் பாட ஆசிரியரிடமும் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், பிள்ளை அந்தப் பாடசாலையின் பிள்ளைதான். தற்போதைய வகுப்பு செய்முறை செய்யும் நாட்களில் அவளும் பின்னால் நின்று செய்ய அனுமதி கேட்டால், பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள்.

பல்தேர்வு வினாப் பத்திரத்தை இந்த மூன்று பாடங்களிலும் தனியாகக் கவனிக்க வேண்டும். 50 வினாக்கள், இரண்டு மணித்தியாலம்; இறுதிப் புள்ளியில் பாதி இதிலிருந்தே வருகிறது; பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. எனவே ஒரு வினாவையும் விடையளிக்காமல் விட்டு வருவது கையில் இருப்பதை வீசுவதற்குச் சமம். அவள் ஒவ்வொரு கடந்தகால வினாத்தாளையும் கடிகாரத்தை வைத்துச் செய்துவிட்டு, பிழைத்த வினாக்களுக்கு அருகே ஏன் பிழைத்தது என்று எழுத வேண்டும்: பாடமே தெரியவில்லையா, தெரிந்தும் கணக்கில் வழுவியதா, நேரம் போதவில்லையா. ஐந்து வினாத்தாள் முடிந்ததும் அந்தக் குறிப்புகளைப் பார்த்தால், வகுப்புக்குப் போக வேண்டிய அலகு எது, வீட்டிலேயே பயிற்சியால் சரிசெய்யக்கூடியது எது என்பது தெளிவாகும். பரீட்சைத் திணைக்களம் புள்ளியிடும் திட்டங்களையும், எந்த வினாவில் மாணவர்கள் தவறினார்கள் என்று விளக்கும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் வெளியிடுகிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் வள நூல்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் தமிழில் இணையத்தில் இலவசமாக உள்ளன. விலை கொடுத்து வாங்கும் குறிப்புகளுக்கு முன் இவற்றை வாசிக்கட்டும். வினா தயாரிப்போரும் விடை திருத்துவோரும் கையில் வைத்திருப்பவை இவைதான்.

முன்னேறுகிறாளா என்பதை அளக்க வெளியில் இருந்து ஓர் அளவுகோல் வேண்டும். சொந்தப் பாடசாலையின் தவணைப் பரீட்சை அதற்குப் போதாது. தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் வடக்கில் நடத்தும் பரீட்சைகளும், மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சையும் பல பாடசாலைப் பிள்ளைகளோடு அவளை ஒப்பிட்டுக் காட்டும். அங்கே வரும் புள்ளியை வைத்துப் பயப்படவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். ஒரு பரீட்சைக்கும் அடுத்ததுக்கும் இடையில் பௌதிகவியல் ஏறியதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு பரீட்சைகள் கழிந்தும் அது அசையவில்லை என்றால், அப்போது நல்ல பௌதிகவியல் வகுப்பு ஒன்றுக்காகக் கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வாரத்தில் ஒரு நாள் போவது நியாயமான செலவு.

வீட்டு நிலையையும் சொல்ல வேண்டும். பரீட்சை ஆண்டிறுதி மாரியில் வரும்போது பெரும்போக விதைப்பும் அதே நாட்களில் வரும். விதைப்புக்கும் களை எடுப்புக்கும் ஆள் கூலி கொடுக்க முடியாமல் பிள்ளையின் கையை எதிர்பார்க்கும் குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முகவருக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் மிகச் சிறிய பகுதியை, அந்த ஆறு வாரங்களுக்கு அவளுக்குப் பதிலாக ஓர் ஆளை வைத்துக்கொள்ளச் செலவழித்தால், எந்த வகுப்பும் தராத பலனை அது தரும்.

இம்முறை விண்ணப்பிப்பது பற்றிய குழப்பத்துக்கு வருகிறேன். விண்ணப்பிப்பதாலோ தெரிவு செய்யப்படுவதாலோ இரண்டாம் தடவை எழுதும் உரிமை போய்விடாது. பதிவு செய்வதுதான் கதவை மூடுகிறது. ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்துவிட்டவர் பின்னர் வரும் பெறுபேற்றை வைத்து மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. பெறுபேறு வந்து வெட்டுப்புள்ளி வெளியாகும் வரை பல மாதங்கள் செல்லும். அந்தக் காலம் முழுவதும் அவள் மருத்துவபீடத்தையே இலக்காக வைத்துப் படிக்கட்டும். அழைப்பு வரும்போது, முன்னோடிப் பரீட்சைகளின் புள்ளிகளைக் கையில் வைத்துக்கொண்டு தீர்மானிக்கலாம். இன்றே தீர்மானிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆண்டின் அனுமதியும் அந்த ஆண்டுப் பெறுபேற்றில் மட்டுமே தங்கியிருக்கிறது, பழைய நல்ல புள்ளி அடுத்த ஆண்டுக்குக் கைகொடுக்காது என்பதையும் அவள் தெரிந்திருக்க வேண்டும்.

விருப்பத் தெரிவு நிரலை நிரப்புவதில்தான் எங்கள் பகுதியில் அதிகப் பிள்ளைகள் இழக்கிறார்கள். கிடைக்காது என்று நினைத்து மேலான விருப்பத்தைக் கீழே போடுவது வீண். நிரலில் மேலே இருந்து கீழாகப் பார்த்து, தகுதி பெறும் முதல் இடம் தரப்படுகிறது; ஆகவே மருத்துவத்தை முதலில் போட்டதற்காக, கீழே உள்ள கற்கைநெறிக்கான வாய்ப்பு குறைவதில்லை. அதே நேரம், கிடைத்தால் போக மாட்டேன் என்று அவள் உறுதியாக நினைக்கும் எதையும் நிரலில் சேர்க்க வேண்டாம். மருத்துவத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்தில் தெரிகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவை பட்டப்படிப்புகளாக உள்ளன. அதே பல்கலைக்கழகத்தின் விவசாயபீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இயங்குகிறது. சித்த மருத்துவத்தை யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் படிக்கலாம். 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் விஞ்ஞானம் இருக்கிறது. கால்நடை மருத்துவம் பேராதனையில் மட்டும். நோயாளியோடு நேரில் பழகும் தொழில் வேண்டும் என்பதற்காக அவள் மருத்துவத்தை விரும்பினால், தாதியியலும் அந்த விருப்பத்துக்கு நேரான பாதை. அதை ஆறுதல் பரிசு போலப் பேசும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பாடத் தகைமை வேறுபடும், கைந்நூலில் பார்த்துக்கொள்ளட்டும்.

உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில், அனுமதிக்கு வேண்டிய 30 புள்ளி எடுத்திருக்கிறாளா என்று பெறுபேற்றுத் தாளைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும் இந்தத் தாளைப் பொருட்படுத்தாமல் தகுதி இழந்தவர்கள் உண்டு. ஆங்கிலம் இசட் புள்ளியில் சேர்வதில்லை, ஆனால் மருத்துவம் உட்பட விஞ்ஞானக் கற்கைநெறிகள் ஆங்கில மொழிமூலமே கற்பிக்கப்படுகின்றன. தினமும் அரை மணித்தியாலம் ஆங்கிலத்தில் உயிரியல் வாசிப்பது போதும், அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

அந்த முகவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அவர் சொல்லும் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா, அதை எழுத்தில் காட்ட முடியுமா? வெளிநாட்டில் பட்டம் பெற்று வருவோர் இங்கே தொழில் செய்வதற்கு மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதுவும் இலகுவான பரீட்சை அன்று. பல ஆண்டுகளுக்கான கட்டணம், தங்குமிடம், நாணய மாற்று விலை எல்லாம் உங்கள் வயலின் பெறுமதியைத் தாண்டிப் போகக்கூடியவை. இங்கே அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மகாபொல புலமைப்பரிசில் அல்லது நிதியுதவி கிடைக்கும். உங்கள் குடும்பத்தின் ஒரே சொத்தைப் பணயம் வைத்து எடுக்க வேண்டிய முடிவு இது அன்று.

கடைசியாக, விண்ணப்பம் இணையவழியில் நிரப்பப்படுவதால் பலர் சந்தியில் உள்ள தொடர்பாடல் நிலையத்தில் கொடுத்து நிரப்புகிறார்கள். அது பரவாயில்லை, ஆனால் மகள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு குறியீட்டு இலக்கத்தையும் கைந்நூலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கொடுக்கும் மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் அவளுடையதாகவே இருக்க வேண்டும், கடைக்காரருடையதாக இருக்கக் கூடாது. கடவுச்சொல்லை அவளே எழுதி வைத்திருக்க வேண்டும். தெரிவுச் செய்தி அந்த வழியாகத்தான் வரும், பதிவுக்குத் தரப்படும் நாட்கள் குறைவு. விண்ணப்பத்தின் பிரதி ஒன்றை அச்சிட்டு, விடுகைப் பத்திரம், பெறுபேற்றுத் தாள் ஆகியவற்றோடு ஒரு கோப்பில் வையுங்கள். மகள் ஐந்து பௌதிகவியல் வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துச் செய்து முடித்ததும், புள்ளிகளையும் பிழைகளுக்கு அருகே எழுதிய காரணங்களையும் எனக்கு அனுப்புங்கள். வகுப்பு தேவையா, எந்த அலகுக்குத் தேவை என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.